கையைப் பிடித்து இழுக்காதீர்கள்: படுக்கையில் இருப்பவரின் மூட்டுகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

பக்கவாதம், தண்டுவட அடி, இடுப்பு எலும்பு முறிவு என்று வீட்டில் படுத்திருப்பவர்களுக்குக் கை கால்களை மடக்கி நீட்டும் பயிற்சி பற்றிக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரு செவிலியரும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

அம்மைக்கு 66 வயது. பக்கவாதம் வந்து ஐந்து வாரம். வலது கையும் காலும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது பயிற்சியை ஒருமுறை செய்து காட்டினார்கள். இருந்த பதற்றத்தில் பாதி மறந்துபோனது. எந்த மூட்டை எப்படிப் பிடிப்பது, எத்தனை முறை அசைப்பது? வரிசையாகச் சொல்லுங்கள்.
– ஒரு மகள், தக்கலை

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். மூக்குக் குழாயில் கஞ்சி கொடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் கால் கூடுதலாக விறைக்கும், அதனால் முதலில் அதை முடித்துவிட வேண்டும். குளிப்பாட்டிய பிறகோ வெந்நீரில் துடைத்த பிறகோ தசை இளகியிருக்கும். உங்கள் வளையல், மோதிரம், வாட்ச்சைக் கழற்றி வையுங்கள், நகம் வெட்டியிருக்கட்டும். வீட்டுக் கட்டில்கள் தாழ்வானவை. இருபது நிமிடம் குனிந்தே செய்தால் மறுநாள் நீங்களும் நடுவு பிடித்துப் படுக்க வேண்டிவரும். ஒரு முழங்காலைக் கட்டில்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள், அல்லது கால் பயிற்சிக்குக் கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். காற்றுப் படுக்கை என்றால் பம்பைக் கெட்டியான நிலைக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பிடிக்கும் முறை எல்லா மூட்டுக்கும் ஒன்றுதான். மூட்டுக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை; விரல் நுனியால் கவ்வாமல் உள்ளங்கையை விரித்து அடியிலிருந்து தாங்க வேண்டும். ஒருமுறை போய்வர ஐந்தாறு வினாடி ஆகட்டும். தடை தட்டுப்படும் இடத்தில் மூன்று நான்கு வினாடி நிறுத்தித் திரும்புங்கள். ஒவ்வொரு அசைவும் ஐந்து முதல் பத்து முறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, ஆள் இருந்தால் மதியமும். தடையைத் தாண்டித் தள்ளக் கூடாது. வேகமாக இழுத்தால் தசை எதிர்த்து இறுகும். நீங்கள் கூட்டி அழுத்தினால் அதுவும் கூட்டி இறுகும். அந்தச் சண்டையில் ஜெயிப்பது தசையாக இருக்கும், சேதப்படுவது மூட்டாக இருக்கும்.

இன்னொன்று, அம்மையைப் பேசாமல் படுத்திருக்க விடாதீர்கள். "கையைத் தூக்கப் போறேன், நீங்களும் தூக்கிப் பாருங்கம்மா" என்று சொல்லி, அந்தக் கையைப் பார்க்கச் சொல்லிச் செய்யுங்கள். கை துளியும் அசையாவிட்டாலும் முயற்சி அவரிடமிருந்து வரவேண்டும். எங்காவது சிறு துடிப்பு தெரிந்தால் அந்த அளவுக்கு உங்கள் உதவியைக் குறையுங்கள். இடது கை, காலை அவரே அசைக்கட்டும்.

தோளிலிருந்து தொடங்குவோம். முதலில் அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலது தோள்பட்டை எலும்பின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்து, அதை மேலாகவும் முன்னாகவும் மெதுவாக நகர்த்துங்கள். கை மேலே போக வேண்டுமானால் இந்த எலும்பும் கூடவே சுழல வேண்டும். பக்கவாதத்தில் அது ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையால் முழங்கையையும் மற்றதால் மணிக்கட்டையும் தாங்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி முன்பக்கமாகத் தூக்குங்கள். தோள் மட்டம், அதாவது 90 டிகிரி போதும். காதோரம் வரை கொண்டுபோவதெல்லாம் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகுதான். பக்கவாட்டில் விரிக்கும்போதும் அதே எல்லை, உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். அடுத்து, மேல்கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, முழங்கையை நேர்கோணத்தில் மடக்கி, முன்கையை வெளிப்புறமாகச் சாய்த்துத் திருப்புங்கள். தோள் இறுகும்போது முதலில் பறிபோவது இந்த வெளித்திருப்பம். சட்டை போடவும் அக்குள் கழுவவும் இது வேண்டும். ஆனால் இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

முழங்கையை மடக்குவதைவிட முழுசாக நீட்டுவதில் கவனம் வையுங்கள். பக்கவாதத்தில் கை மடங்கவே பார்க்கும். முன்கையைத் திருப்பி உள்ளங்கை கூரையைப் பார்க்கச் செய்வதும் அப்படித்தான். விரல்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இறுக மூடிய விரலை நுனியைப் பிடித்துப் பிரித்தால் வலிக்கும், திறக்காது. முதலில் மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்குங்கள். விரல் தானே தளரும். அப்போது விரல்களை நீட்டி, கட்டைவிரலை அதன் அடி எலும்பைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, விரல்களை நீட்டியபடியே மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்துங்கள். மூடிய உள்ளங்கையைத் தினமும் கழுவி ஈரம் போகத் துடைக்கவும் இதுதான் நேரம். நம் ஊரில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அந்த மாதங்களில் மூடிய கைக்குள் தோல் வெந்து நாறுவது சீக்கிரம் நடக்கும்.

கால். ஒரு கை முழங்காலுக்குப் பின்னால், மற்றது குதிகாலுக்கு அடியில். இடுப்பையும் முழங்காலையும் சேர்த்து மடக்கி நெஞ்சை நோக்கிக் கொண்டுபோய், திரும்ப முழுசாக நீட்டுங்கள். நேராக நீட்டிய காலை, பெருவிரல் கூரையைப் பார்த்தபடி 30 டிகிரி அளவுக்கு வெளியே விரித்துத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிறகு முழங்காலுக்கு மேலும் கீழும் கை வைத்துக் காலை உள்ளும் வெளியும் உருட்டுங்கள்.

கணுக்காலுக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். நடக்கும்போது அது நேர்கோணத்தைத் தாண்டி இன்னும் சுமார் 10 டிகிரி மேலே மடங்க வேண்டும். அது போய்விட்டால் காலில் பலம் திரும்பி வந்தாலும் குதிகால் தரையில் படாது. குதிகாலை உள்ளங்கையில் கிண்ணம் போல ஏந்தி, உங்கள் முன்கையை அவர் பாதத்தோடு ஒட்டிவைத்து, முழங்கால் நீண்டிருக்க, குதிகாலைக் கீழ்நோக்கி இழுத்தபடி உங்கள் உடம்பை முன்னால் சாயுங்கள். 20, 30 வினாடி அப்படியே வைத்திருந்து விடுங்கள். நான்கைந்து முறை போதும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் தள்ளினால் குதிகால் தசைநார் நீளாது, பாதத்தின் நடு மூட்டுகள் தளர்ந்துபோகும். இடையில் பாதம் தடதடவென்று நடுங்கினால் பயப்பட வேண்டாம். அழுத்தத்தைச் சீராக வைத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் அடங்கும்.

கழுத்தை நீங்கள் பிடித்துத் திருப்ப வேண்டாம். அவராகவே இடமும் வலமும் பார்க்கச் செய்தால் போதும்.

அளவு மீறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பாருங்கள். அப்போதும் வலி நீடித்தாலோ, மறுநாள் மூட்டு வீங்கியிருந்தாலோ, தூரத்தையும் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவைப் பார்க்க ஒரு ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறோம். கட்டிலில் கீழே சரிந்துவிட்டால் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து மேலே இழுக்கிறார். இப்போது பக்கவாதம் வந்த தோளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் குழி தெரிகிறது. கையைத் தொட்டாலே வலி என்கிறார். பயிற்சியை நிறுத்திவிடலாமா?
– ஒரு மகன், குளச்சல்

அந்தக் குழி, தோள் பந்து தன் கிண்ணத்திலிருந்து கீழே இறங்கியிருப்பதைக் காட்டுகிறது. தோளின் கிண்ணம் ஆழமில்லாதது. பந்தை அதில் பிடித்துவைப்பது சுற்றியுள்ள தசைகள். அவை செயலிழந்ததும் கையின் எடையே அதைக் கீழே இழுக்கும். அந்த நிலையில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தசைநார்கள் கிழியலாம். அப்பாவின் வலிக்குப் பயிற்சியைவிட இந்தத் தூக்கல்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறோம்.

முதலில் தூக்கும் முறையை மாற்றுங்கள். ஒரு போர்வையை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவையுங்கள். தலைப்பக்கம் உயர்த்தியிருந்தால் முதலில் தாழ்த்தி, நல்ல காலை மடக்கி ஊன்றச் சொல்லி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் போர்வையைச் சுருட்டிப் பிடித்து ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். ஓர் ஆள்தான் உண்டென்றால் இடுப்பைப் பிடித்து உதவலாம். கை பக்கமே போகக் கூடாது. உட்காரவைக்கும்போதும் பக்கவாட்டில் உருட்டி, தோள்பட்டை எலும்பின் பின்னால் கைகொடுத்து எழுப்ப வேண்டும். இதை எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் சொந்தக்காரர்களும் "எழும்பி இரியும்" என்று கையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது கை தொங்கக் கூடாது. மடியில் ஒரு கெட்டித் தலையணையோ முன்னால் ஒரு மேசையோ வைத்து முழங்கை முதல் விரல் வரை தாங்குங்கள். நிற்கவும் நடக்கவும் செய்கிற நேரத்தில் மட்டும் தோளைத் தாங்கும் பட்டை போடலாம். நாள் முழுக்கக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டால் கை மடங்கிய நிலையிலேயே இறுகும்.

பயிற்சியை நிறுத்த வேண்டாம், சுருக்குங்கள். வலிக்காத தூரத்துக்குள், பந்தைக் கிண்ணத்தோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தோள் மட்டத்துக்குக் கீழேயே செய்யுங்கள். உத்தரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்துச் சுகமில்லாத கையைத் தூக்கும் ஏற்பாட்டைப் பல வீடுகளில் செய்கிறார்கள். பக்கவாதத் தோளுக்கு அது ஆகாது, கழற்றிவிடுங்கள். வலியை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். வீக்கம் கைவிரல் வரை இறங்கி, தோல் பளபளத்து, தொட்டால் எரிந்தால் தள்ளிப்போடவே கூடாது.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அம்மாவுக்குச் சுகமாக இருந்தது. மூன்று மாதமாக அப்படியே வைத்தோம். இப்போது கால் நீள மறுக்கிறது. தினமும் இருமுறை பயிற்சி செய்தும் ஏன் இப்படி?
– மார்த்தாண்டம் வாசகி

நீங்கள் தினமும் அரை மணி நேரம் நீட்டுகிறீர்கள். மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் தலையணை மடக்கியே வைத்திருக்கிறது. தசை எந்த நீளத்தில் அதிக நேரம் கிடக்கிறதோ அந்த நீளத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். பக்கவாதம், தண்டுவட பாதிப்பு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், தசையை நீட்டும் பயிற்சியை மட்டும் நம்பினால் மூட்டு இறுக்கத்தில் பெரிய மாற்றம் வருவதில்லை என்றே தெரிந்தது. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மற்ற நேரம் எப்படிப் படுக்கவைக்கிறோம் என்பதும், எவ்வளவு சீக்கிரம் உட்காரவும் நிற்கவும் வைக்கிறோம் என்பதும் அதைவிடக் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன.

இப்போது என்ன செய்யலாம்? தலையணையை எடுத்துவிடுங்கள். குதிகால் புண்ணைத் தடுக்க வேண்டுமானால் முழங்கால் முதல் கணுக்காலுக்குச் சற்று மேல் வரை கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி தட்டையாக ஒரு தலையணை போதும். குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். கால் வெளிப்பக்கமாக உருண்டுவிடாமல் இருக்கத் துவர்த்துகளை, அதாவது துண்டுகளை, சுருட்டித் தொடையின் வெளிப்பக்கம் அண்டை கொடுங்கள். மூச்சுச் சிரமமோ மூக்குக் குழாயோ இல்லையென்றால், ஒரு நாளில் ஒருமுறை இருபது நிமிடம் குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே விடுங்கள். இடுப்பும் முழங்காலும் சேர்ந்து நீள்வதற்கு இதைவிட நல்ல வழி வீட்டில் இல்லை. முடியாதவர்களுக்கு, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி மட்டமாக மல்லாக்கப் படுப்பதாவது வேண்டும். எப்போதும் தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருந்தால் இடுப்பும் மடங்கி நிற்கும்.

மூன்று மாத இறுக்கம் இரண்டு வாரத்தில் போகாது. முழங்காலின் மேல் மணல் பை வைப்பது, ஆள் ஏறி அழுத்துவது எல்லாம் எலும்பு முறிவில் முடியும். நாளாகப் படுத்திருந்தவர்களின் எலும்பில் பலம் குறைந்திருக்கும். காலை நீட்டிய நிலையில் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் என்ற தாங்கி தேவையா என்று பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். போட்டால் முதல் நாட்களில் அரை மணிக்கு ஒருமுறை கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வர்ம ஆசான் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உழிய வேண்டும் என்று மாமா சொல்கிறார். டாக்டர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– திருவட்டாறு வாசகர்

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வீடு குறைவு. தோலில் புண் இல்லாத இடத்தில் இளஞ்சூடான எண்ணெயை மெதுவாகத் தடவுவதில் பெரிய தீங்கு இல்லை. தீங்கு வருவது வேறு நான்கு இடங்களில். ஒன்று, அசையாத காலில் ரத்தக்கட்டு இருந்து, அது தெரியாமல் உழிந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இரண்டு, உணர்ச்சி குறைந்த கை காலில் கிழி (சூடாக்கிய மருந்துத் துணிமூட்டை) வைத்தால் சுடுவது நோயாளிக்குத் தெரியாது, தோல் வெந்துவிடும். சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் இது ஆறாத புண்ணாகும். மூன்று, சொடுக்கு எடுப்பது, தோளை இழுத்து முறுக்குவது. நான்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கெட்டியாக அழுத்தினால் உள்ளே ரத்தம் கட்டும். பெரும்பாலான பக்கவாத நோயாளிகள் அப்படி ஏதாவது ஒரு மாத்திரையில்தான் இருப்பார்கள். டாக்டர் வேண்டாம் என்பதற்கு இதில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். எது என்று நேராகக் கேளுங்கள். மாமாவிடம் சொல்லவும் அது உதவும்.

வீட்டில் நீங்களே எண்ணெய் தடவுவதானால் பயிற்சி முடிந்த பிறகு தடவுங்கள். எண்ணெய்க் கையோடு பிடித்தால் வழுக்கும், வழுக்கினால் இறுக்கிப் பிடிப்பீர்கள். அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்குகளில் எண்ணெய் தங்கவிடாமல் துடைத்துவிடுங்கள்.

தென்னையிலிருந்து விழுந்து தம்பிக்குக் கழுத்தில் அடி. வயது 29. மணிக்கட்டைத் தூக்க முடிகிறது, விரல்கள் அசையவில்லை. கொஞ்சம் சுருண்டே நிற்கின்றன. தினமும் விரலை நன்றாக நிமிர்த்தி நீட்டிவிடுகிறேன். சரிதானே?
– ஓர் அக்கா, பூதப்பாண்டி

இன்றே நிறுத்துங்கள். பக்கவாதத்துக்குச் சொன்னது வேறு, இது வேறு.

மணிக்கட்டு தூக்க முடிந்து விரல் அசையாத நிலை, கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாம் நரம்பு மட்டத்தில் பாதிப்பு உள்ளவர்களிடம் காணப்படுவது. இவர்களுக்கு மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தானாகவே மடங்கும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் திறக்கும். விரல் மடக்கும் தசைநார் கொஞ்சம் கட்டையாக இருப்பதால் நடக்கும் காரியம் இது. இந்தப் பிடியை வைத்துத்தான் நாளை உங்கள் தம்பி டம்ளர் எடுப்பார், ஸ்பூன் பிடிப்பார், போன் தூக்குவார். மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி நீட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் தசைநார் நீண்டு, பிடி போய்விடும். திரும்பக் கொண்டுவருவது மிகக் கஷ்டம்.

அதனால், மணிக்கட்டு மேலே வரும்போது விரல்களை மடக்குங்கள். மணிக்கட்டு கீழே போகும்போது விரல்களை நீட்டுங்கள். இரண்டும் தனித்தனியாக முழு அசைவு பெற வேண்டும், சேர்ந்து நீளக் கூடாது. கையை ஊன்றி உட்காரும்போதும் விரல்களை மடக்கி ஊன்றச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். அடிபட்ட முதல் சில மாதங்களில் இடுப்போ முழங்காலோ திடீரென்று வீங்கி, சூடாகி, மடங்கும் தூரம் நாளுக்கு நாள் குறைந்தால், மூட்டைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். முரட்டுத்தனமாக மடக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலி தெரியாத உடம்பு என்பதால் எலும்பு முறிந்தால்கூட வீக்கம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

மற்றது அவசரம். பயிற்சியின் நடுவிலோ வேறெப்போதாவதோ மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல் வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உடுத்தியிருக்கும் சாரத்தைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடங்களில் அடங்காவிட்டால் 108.

ஆச்சிக்கு 81 வயது. குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். காலை எவ்வளவு மடக்கலாம்?
– நாகர்கோவில் வாசகர்

என்ன ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. செயற்கைப் பந்து வைத்து, அதுவும் இடுப்பின் பின்பக்கம் திறந்து வைத்திருந்தால் மூன்று தடை உண்டு: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, ஒரு கால் மறு காலைத் தாண்டிப் போகக் கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் பந்து கழன்றுவிடும். கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தே திருப்புங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும் தாழ்வான நாற்காலியும், தரைமட்டக் கழிப்பறையும் வேண்டாம். எத்தனை வாரத்துக்கு என்பதை அறுவை செய்த மருத்துவர் சொல்வார். உள்ளே கம்பியோ ஆணியோ வைத்து முறிவைச் சேர்த்திருந்தால் பொதுவாக இந்தத் தடைகள் இல்லை. காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதுதான் அங்கே கேள்வி.

எதுவானாலும் ஆச்சி தானே செய்யக்கூடியவை இரண்டு. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை கணுக்காலைப் பத்துத் தடவை மேலும் கீழும் அசைப்பது. முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து வினாடி வைத்து விடுவது, பத்துத் தடவை.

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அந்தக் காலை அசைக்கவோ தேய்க்கவோ செய்யாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே மூச்சு முட்டலோ நெஞ்சு வலியோ வந்தால் 108. இது எல்லா வாசகர்களுக்கும்.

பாட்டாவுக்கு மறதி நோய். கை காலைத் தொட்டாலே அடிக்க வருகிறார். எப்படிப் பயிற்சி கொடுப்பது?
– கருங்கல் வாசகி

பயிற்சி என்று ஒன்றைத் தனியாக வைக்காதீர்கள். சட்டை மாற்றும்போது தோள் அசைகிறது, முகம் துடைக்கத் துவர்த்தைக் கையில் கொடுத்தால் முழங்கை மடங்குகிறது, சீப்பைக் கொடுத்தால் கை தலைக்குப் போகிறது, செருப்புப் போடும்போது முழங்கால் நீள்கிறது. முன்பக்கமாக வந்து, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லுங்கள். ஒருபக்கம் இறுகியிருந்தால் சட்டையை அந்தக் கையில் முதலில் போட்டு, கழற்றும்போது கடைசியில் கழற்றுங்கள். திடீரென்று புதிதாக எதிர்த்தால் எங்கோ வலிக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

பக்கவாதம் வந்த கையில் ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொல்கிறோம். நல்லதுதானே?
– குலசேகரம் வாசகர்

விரல்கள் ஏற்கனவே மூடி இறுகுகிற கை என்றால் நல்லதில்லை. அமுக்குவது அந்த மூடலுக்கே பலம் கொடுக்கும். அவருக்கு வேண்டியது திறப்பது. உருட்டிய துணியைப் பிடித்து விடச் சொல்லி, விடுவதைப் பழக்குங்கள். கை தளர்ந்து கிடந்து, அமுக்கும் பலம் இப்போதுதான் வருகிறது என்றால் பந்து இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து செய்ய பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பணம் கட்டி மாளவில்லை. அரசு வழியில் ஏதும் உண்டா?
– மேல்புறம் வாசகி

உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீடு வீடாக வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதியுங்கள். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரும் நாளில் அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்காமல், நீங்கள் செய்து காட்டி அவரைத் திருத்தச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுப் போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளமோ, தக்கலையோ, திருவனந்தபுரமோ, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாலும் டிஸ்சார்ஜ் தாளை எடுத்து வையுங்கள். எந்த அசைவு கூடாது, எவ்வளவு எடை ஊன்றலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா என்றுதான் அவர் முதலில் தேடுவார். எழுதாமல் அனுப்பியிருந்தால், அடுத்த முறை காட்டப் போகும்போது கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.